ஆச்சி மனோரமா: பள்ளத்தூரிலிருந்து சேலம் வழியாக



சேலத்திலிருந்து ஏற்காடு போகிற ரோட்டில், மலை ஏறுவதற்கு முன்னால் ஒரு பழைய வளைவு நிற்பதைப் பார்த்திருப்பீங்க. மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு. தியேட்டர் என்று பேர் இருந்தாலும் அது படம் ஓட்டுகிற கொட்டாய் கிடையாது. படம் எடுக்கிற ஸ்டுடியோ. 1935-ல் அதை ஆரம்பித்தவர் டி.ஆர். சுந்தரம். பேருக்கு முன்னால் இருக்கிற 'டி' திருச்செங்கோடு. நெசவுத் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்து, சீமைக்குப் போய் ஜவுளிப் படிப்பு படித்துவிட்டு வந்து, சினிமாத் தொழிலில் இறங்கினவர். மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' (1938), தமிழின் முதல் முழுக் கலர் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) இரண்டும் இவங்க எடுத்ததுதான். அப்போது நாமக்கல் தனி மாவட்டம் ஆகவில்லை, அது 1997-ல்தான். அதனால் திருச்செங்கோட்டுக்காரரும் சேலத்துக்காரர்தான்.

ஸ்டுடியோவை அவர் ஒரு மில் மாதிரி நடத்தினார் என்று சொல்லுவாங்க. நேரத்துக்கு வரணும், நேரத்துக்குப் போகணும், மாதம் பிறந்தால் சம்பளம். நடிகர், பாட்டு எழுதுகிறவர், கதை எழுதுகிறவர், எல்லோரும் சேலத்தில் தங்கி வேலை பார்த்தாங்க. கலைஞர் கருணாநிதி வசனம் எழுதிய 'மந்திரி குமாரி' (1950) அங்கே எடுத்தது. கவிஞர் கண்ணதாசனும் இளவயதில் அங்கே வேலை பார்த்தவர்தான்.

அந்த ஸ்டுடியோ ஒரு வேலைக்காரம்மாவின் மகளைக் கதாநாயகி ஆக்கியது. அந்தப் பெண்தான் மனோரமா. நாம எல்லோரும் ஆச்சி என்று சொல்கிறவங்க.

மலருக்கு ஒரு பெண்ணோட வரலாறு எழுதணும் என்று பேச்சு வந்தபோது வேலு நாச்சியார், ஔவையார் எல்லாவற்றையும் மத்த குழுக்காரங்க எடுத்துக்கிட்டாங்க. நான் ஆச்சி பேரைச் சொன்னதும், "நாட்டுக்கு உழைச்சவங்களைப் பத்தி எழுதாம சினிமாக்காரியைப் பத்தியா எழுதறது?" என்று ஒரு பெரியம்மா கேட்டாங்க. கேட்டதில் தப்பு இல்லை. சினிமாவை நம்பி நாம கெட்டதும் உண்டு. ஆனால் ஆச்சியோட கதையில் பாதி, நம்ம தீர்மான நோட்டுல வாராவாரம் நான் எழுதற கதைதான். புருசன் விட்டுட்டுப் போனது, அம்மா வீட்டோட வந்தது, கைக்குழந்தை, வேலை, வாடகை. அதனால்தான் எழுதுகிறேன்.

மனோரமாவுக்கு அப்பா அம்மா வைத்த பேர் கோபிசாந்தா. 1937 மே 26-ந் தேதி மன்னார்குடியில் பிறந்தார். அம்மா பேர் ராமாமிர்தம். அப்பா, ராமாமிர்தத்தின் தங்கையையே இரண்டாந்தாரமாகக் கட்டிக்கிட்டார். இந்த ஒரு வரியை நான் எழுதிட்டு கொஞ்ச நேரம் பேனாவைக் கீழே வெச்சிட்டேன். வெளியில இருந்து ஒருத்தி வந்தாலே தாங்காது. கூடப் பிறந்தவளே வந்தால் அந்தப் பொம்பளை யார்கிட்டப் போய்ச் சொல்லுவா? பிறந்த வீட்டுக்குப் போனாலும் அங்கே இருப்பது தங்கச்சியோட அப்பா அம்மாதானே. ராமாமிர்தம் குழந்தையைத் தூக்கிக்கிட்டு ஊரை விட்டே வந்துட்டாங்க. வந்து சேர்ந்த இடம் காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூர். செட்டிநாட்டு ஊர். பெரிய பெரிய வீடுகள். அந்த வீடுகளில் வேலை செய்து மகளை வளர்த்தாங்க.

பாப்பாவுக்கு நல்ல குரல். ஒரு பாட்டைக் கேட்டால் அப்படியே திருப்பிப் பாடிவிடும். பள்ளிக்கூடத்திலும் பாடச் சொல்லுவாங்க. ஆனால் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. அம்மாவுக்கு உடம்பு முடியாமல் ரத்தமாக வாந்தி எடுக்க ஆரம்பித்ததும், பள்ளிக்கூடம் போன பிள்ளை தானும் ஒரு வீட்டில் வேலைக்கு நின்றது. பின்னால் எத்தனையோ படத்தில் வேலைக்காரியாக நடித்தாங்களே, அதற்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியது இருந்திருக்காது.

பன்னிரண்டு வயதில் நாடகம் வந்தது. பள்ளத்தூரில் நாடகம் போட வந்த குழுவில் பெண் வேடம் போட்டவருக்குப் பாட வரவில்லை. அந்தக் காலத்தில் ஆண்களே பெண் வேடம் கட்டுவது சாதாரணம். நல்லாப் பாடற பொண்ணு ஒண்ணு இந்த ஊரிலேயே இருக்குது என்று சொல்லி, இவங்களைக் கூட்டிக்கிட்டுப் போய் மேடை ஏற்றினாங்க. நாடகக்காரங்க வைத்த பேர்தான் மனோரமா. பிறகு ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழு. வைரம் நாடக சபா, அதற்கப்புறம் எஸ்.எஸ். ராஜேந்திரன் நடத்திய நாடக மன்றம். அண்ணா, கருணாநிதி இரண்டு பேரோடும் மேடையில் நடித்தாங்க. எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, ஆந்திராவின் என்.டி. ராமராவ் மூன்று பேரோடும் படத்தில் நடித்தாங்க. முதலமைச்சர் ஆன ஐந்து பேரோடு நடித்த நடிகை என்று ஆச்சியைப் பற்றி எப்பவும் சொல்லுவாங்க. அவங்க நடிக்கிறபோது அதில் யாருமே முதலமைச்சர் இல்லை என்பதை நாம நினைவு வெச்சுக்கணும்.

நாடகக் குழுவில் கூட இருந்தவர் ஒருவரை விரும்பிக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. ஆண் குழந்தை பிறந்தது. குழந்தை கைக்குழந்தையாக இருக்கும்போதே அவர் விட்டுட்டுப் போயிட்டார். அம்மாவுக்கு நடந்தது மகளுக்கும் நடந்தது. அப்போது ஆச்சிக்கு இருபது வயது ஒட்டித்தான் இருக்கும். அதற்கப்புறம் வேறு கல்யாணம் செய்யவில்லை. அம்மா பேரனைப் பார்த்துக்கிட்டாங்க, மகள் சம்பாதிச்சாங்க. ராமாமிர்தம் அம்மா உயிரோடு இருந்தவரைக்கும் வீட்டை அவங்கதான் நடத்தினாங்க. எங்கே பேசினாலும் ஆச்சி அம்மாவைச் சொல்லாமல் இருந்ததில்லை.

எங்க குழுவிலும் ஒரு தங்கச்சி இருக்கிறாள். பேர் வேண்டாம். புருசன் வெளியூர் போனவர் திரும்பல. ஒரு இடத்தில் கடனுக்கு மனு எழுதிக்கொண்டு போனபோது, புருசன் கையெழுத்து இல்லாமல் வாங்க மாட்டோம் என்று திருப்பி அனுப்பினாங்க. "அவரு இருந்தா நான் ஏனுங்க கடனுக்கு வர்றேன்?" என்று கேட்டுட்டு வந்தாள். கடைசியில் குழுவோட உள்கடனில்தான் அவளுக்கு மாடு வாங்கினோம். ராமாமிர்தம் அம்மாவுக்கோ மனோரமாவுக்கோ அப்படி ஒரு குழுவும் கிடையாது, சேமிப்பும் கிடையாது. நம்ம மாதிரிக் குழுக்கள் தமிழ்நாட்டில் 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில்தான் அரசாங்கத் திட்டமாக ஆரம்பித்தன. நம்ம சேலம் மாவட்டத்துக்கு 1991-92-ல் வந்தது. அதற்கு முப்பது வருசத்துக்கு முன்னாலேயே ஒரு தாயும் மகளும் தங்கள் இரண்டு பேரையே குழுவாக வைத்துப் பிழைத்திருக்காங்க.

சினிமாவில் முதல் வேடம் கொடுத்தவர் கண்ணதாசன். அவர் சொந்தமாக எடுத்த 'மாலையிட்ட மங்கை' (1958). டி.ஆர். மகாலிங்கம் நடித்த படம். கதாநாயகி வேடம் கிடைக்கும் என்று நினைத்துப் போன பெண்ணுக்குக் கிடைத்தது சிரிப்பு வேடம். மனசு சங்கடப்பட்டிருக்கிறது. கதாநாயகி என்றால் நாலைந்து வருசம்தான், நகைச்சுவை வேடம் என்றால் ரொம்ப காலம் நிற்கலாம் என்று கண்ணதாசன் எடுத்துச் சொன்னதாக ஆச்சியே பல பேட்டிகளில் சொல்லியிருக்காங்க. கவிஞர் சொன்னது நடந்தது. அதற்கப்புறம் ஐம்பது வருசத்துக்கு மேல் நின்னாங்க. ஆனால் அந்த நேரத்தில் ஒரு இளம் பெண்ணுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்றும் யோசித்துப் பார்க்கணும். அழகு பார்த்து எடுக்கிற தொழிலில், நீ சிரிக்க வைக்கத்தான் என்று சொல்லி ஒதுக்குவது லேசான விசயம் இல்லை. வீட்டில் அம்மாவும் குழந்தையும் இருக்கும்போது அதையெல்லாம் பார்க்க முடியாதுதான்.

ஐந்து வருசம் கழித்து அந்த மனக்குறை தீர்ந்தது நம்ம சேலத்தில். மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'கொஞ்சும் குமரி' (1963). ஜி. விஸ்வநாதன் இயக்கம். ஆர்.எஸ். மனோகர் கதாநாயகன், மனோரமா கதாநாயகி. சிரிப்பு நடிகை என்று பேர் எடுத்துவிட்ட ஒருத்தியைக் கதாநாயகி ஆக்கினால் படம் போகுமா என்று யாருமே கேட்டிருப்பாங்க. மாடர்ன் தியேட்டர்ஸ் துணிந்து போட்டாங்க. அந்த 1963-ம் வருசமே ஆகஸ்ட் மாதம் டி.ஆர். சுந்தரம் காலமானார். அவர் இருந்திருந்தால் மேலும் ரெண்டு படத்தில் கதாநாயகி ஆக்கியிருப்பாரோ என்னவோ. அதற்கப்புறம் ஆச்சி பழையபடி துணை வேடங்களுக்குத் திரும்பினாங்க. ஆனாலும் முதன்முதலில் என்னைக் கதாநாயகி ஆக்கியது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் என்று நன்றியோடு சொல்லிக்கிட்டே இருந்தாங்க.

இரண்டாவது கதவைத் திறந்தவரும் நம்ம மாவட்டத்துக்காரர்தான். இது எனக்கே இப்போது இதை எழுதப் படிக்கும்போதுதான் தெரிந்தது. ஏ.பி. நாகராஜன். 'திருவிளையாடல்' எடுத்தவர் என்றால் எல்லோருக்கும் தெரியும். அந்த 'ஏ' அக்கம்மாப்பேட்டை. சங்ககிரிப் பக்கம் இருக்கிற ஊர். 1928-ல் பிறந்தவர். சின்னப் பையனாக இருக்கும்போதே டி.கே. சண்முகம் சகோதரர்களின் நாடகக் கம்பெனியில் சேர்ந்து, சேலை கட்டிப் பெண் வேடம் போட்டவர். பின்னால் 1957-ல் 'மக்களைப் பெற்ற மகராசி' படத்துக்குக் கதை வசனம் எழுதி, சிவாஜி கணேசனைக் கொங்குத் தமிழ் பேச வைத்தார். நம்ம பேச்சைக் கேட்டால் சிரிக்கிற காலத்தில் அதைப் பெரிய கதாநாயகன் வாயில் வைத்தது இவர் செய்த பெரிய காரியம்.

ஏ.பி. நாகராஜன் 1968-ல் எடுத்த படம் 'தில்லானா மோகனாம்பாள்'. கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதை. சிவாஜி நாதஸ்வர வித்வான், பத்மினி பரதம் ஆடுகிறவர். அதில் ஊர் ஊராகப் போகிற நாடகக் கம்பெனிக்காரி ஜில் ஜில் ரமாமணியாக மனோரமா. எங்க அம்மாயி அந்தப் படத்தை டூரிங் கொட்டாயில் மணல் குவித்து உட்கார்ந்து பார்த்தவங்க. பத்மினியோட ஆட்டத்தைப் பற்றி அவங்க என்னிடம் சொன்னதே கிடையாது. ஜில் ஜில் நடக்கிற மாதிரி நடந்து காட்டுவாங்க. முட்டி வலியோடு.

நானும் டி.வி.யில் நாலைந்து தடவை பார்த்திருக்கிறேன். சிரித்துக்கிட்டுப் பார்க்கிற வேடம்தான். பவுடரும் பூவும் பகட்டும். பேச்சில் ஒரு குழைவு. ஆனால் கவனித்துப் பார்த்தால் அந்த ரமாமணி ரொம்பப் பெரிய மனுசி. வித்வானோட வாத்தியத்துக்கு அவள் கொடுக்கிற மரியாதை பெரிய பெரிய சபைக்காரர்கள் கொடுக்கிற மரியாதையை விட மேலே நிற்கும். அவளை வைத்து மோகனாவுக்குச் சந்தேகம் வரும். நாடகக்காரி என்றால் வருகிற சந்தேகம்தான். அதற்காக அவள் கூச்சல் போடுவதில்லை. ஒரு தொழில்காரி இன்னொரு தொழில்காரனை மதிக்கிற மதிப்பு என்பது அவள் முகத்திலேயே தெரியும். பள்ளத்தூர் மேடையிலிருந்து வந்த மனோரமாவுக்கு அது நடிப்பா, வாழ்க்கையா? எழுதி இயக்கினவரும் நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர். மேடைக்காரங்களை ஊர் எப்படிப் பேசும் என்று இரண்டு பேருக்குமே தெரியும். அதனால்தான் அந்த வேடம் கேலியாக ஆரம்பித்துக் கேலியாக முடியவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. சிவாஜி, பத்மினி, டி.எஸ். பாலையா, நாகேஷ் என்று அத்தனை பேர் இருக்கிற படத்தில், கொஞ்ச நேரம் வந்துவிட்டுப் போகிற ஒருத்தி பேர் ஐம்பது வருசம் கழித்தும் ஊருக்கெல்லாம் தெரிகிறது.

ஆச்சியின் பெரிய சொத்து பேச்சு. செட்டிநாட்டில் வளர்ந்ததால் அந்தப் பேச்சு சொந்தம். ஆச்சி என்ற பேரே அங்கே பெண்களை மரியாதையாகக் கூப்பிடுகிற சொல்தான். ஆனால் 'அனுபவி ராஜா அனுபவி' (1967) படத்தில் தூத்துக்குடிக்காரியாகப் பேசினாங்க, முத்துக் குளிக்கிற ஊரில் பிறந்தவள் மாதிரி. அடுத்த வருசம் 'பொம்மலாட்டம்' படத்தில் மெட்ராஸ் பாஷை. அதில் ஒரு பாட்டைச் சொந்தக் குரலிலேயே பாடினாங்க. பள்ளத்தூரில் மேடை ஏற்றின அதே குரல். 'சின்ன கவுண்டர்' (1992) படத்தில் நம்ம கொங்கு ஆத்தா. ஒவ்வொரு ஊர்க்காரரும் இந்தம்மா நம்ம ஊர் போல என்று நினைத்தாங்க. இது எப்படி வரும்? வேலைக்குப் போகிற வீட்டிலும், நாடகம் போடப் போகிற ஊரிலும் பெண்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டதால் வந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். நம்மிலேயும் சந்தைக்குப் போயிட்டு வந்தால் நாலு பேர் மாதிரிப் பேசிக் காட்டுகிற ஆள் குழுவுக்கு ஒருத்தியாவது இருப்பாள். அந்தத் திறமைக்கு அவங்களுக்குக் கூலி கிடைத்தது.

எல்லாமே எனக்குப் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். 'சின்ன கவுண்டர்' படத்தில் பல்லைத் துருத்தி வைத்து வயசான பொம்பளையைச் சிரிப்புக்கு ஆக்கினது எனக்குக் கொஞ்சம் கசப்புத்தான். வயசானவ, குண்டானவ, கறுப்பானவ, பல்லு நீட்டினவ என்றால் சிரிக்கலாம் என்று சினிமா வைத்திருக்கிற கணக்கை ஆச்சி மாற்றவில்லை, மாற்றுகிற இடத்திலும் அவங்க இல்லை. கொடுத்ததை வாங்கி அதுக்குள்ளே ஒரு ஆளை உட்கார வெச்சாங்க. பல்லைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பிக்கிற நாம, படம் முடியும்போது அந்த ஆத்தாவைப் பார்த்துக் கலங்குகிறோம் என்றால் அது அவங்க சொந்த உழைப்பு.

நாகேஷோடு ஜோடியாக 'அன்பே வா' (1966) மாதிரி நிறையப் படங்கள். சோவோடு நிறைய. தெலுங்கு, மலையாளம், கன்னடம், இந்தி என்று அந்த மொழிகளிலும் நடித்தாங்க. கூட நடித்த கதாநாயகிகள் கல்யாணம் பண்ணிக்கிட்டு விலகினாங்க, அடுத்த தலைமுறை வந்தாங்க, அவங்களும் விலகினாங்க. ஆச்சி மட்டும் தங்கச்சி, அக்கா, அண்ணி, அம்மா, பாட்டி என்று மாறிக்கிட்டே வந்தாங்க. ஆயிரம் படங்களுக்கு மேல் நடித்ததற்காகக் கின்னஸ் புத்தகத்தில் பேர் வந்தது. ஆயிரம் படம் என்றால் என்ன கணக்கு? வருசத்துக்கு இருபது படம் நடித்தால்கூட ஐம்பது வருசம் வேணும். காலையில் ஒரு இடம், மதியம் ஒரு இடம், ராத்திரி ஒரு இடம் என்று போயிருப்பாங்க. தறிக்கும் வீட்டுக்கும் காட்டுக்கும் ஓடுகிற நமக்கு அந்த ஓட்டம் தெரியும்.

எனக்குப் பிடித்த மூன்று வேடங்களைச் சொல்கிறேன். மூன்றிலும் அவங்க உழைக்கிற பொம்பளை.

ஒன்று, விசு எடுத்த 'சம்சாரம் அது மின்சாரம்' (1986). கண்ணம்மா என்ற வேலைக்காரி. வீடே இரண்டாகப் பிரிகிற கதை. அப்பாவும் மகனும் ரூபாய்க்கு ரூபாய் கணக்குப் பார்த்துச் சண்டை போடுகிற வீட்டில், கூலிக்கு வந்தவள்தான் நடுவில் நின்று பேசுகிறாள். மகள் வேறு மதத்துப் பையனைக் கட்டிக்கிட்டதால் வருகிற பிரச்சினையிலும், படித்தவங்க எல்லாம் முழிக்கும்போது இந்தக் கண்ணம்மாதான் துணிந்து இறங்குகிறாள். தியேட்டரே அதிர்ந்து சிரித்த இடம் அது. வீட்டு வேலைக்குப் போகிறவங்களைப் பார்த்திருக்கேன். எந்த வீட்டில் என்ன நடக்குது என்று எல்லாம் தெரியும், வாயைத் திறக்க மாட்டாங்க. வாயைத் திறந்தால் எப்படி இருக்கும் என்று ஆச்சி காட்டினாங்க.

இன்னொன்று 'ஜென்டில்மேன்' (1993). அர்ஜுனுக்கு அம்மா. சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறவள். நல்லாப் படிக்கிற மகனுக்குக் காலேஜில் சேர லஞ்சம் கொடுக்கப் பணம் இல்லை என்றதும், தான் செத்தால் அரசாங்கத்தில் வருகிற பணத்தில் மகன் படிக்கட்டும் என்று உயிரை விட்டுவிடுகிறாள். நம்ம கூட்டமைப்பில் சத்துணவு வேலை பார்க்கிற அக்காமார் இருக்காங்க. அவங்களோடு உட்கார்ந்து ஒரு தடவை டி.வி.யில் பார்த்தேன். பாதியில் ஒருத்தர் எழுந்து வெளியே போயிட்டாங்க. அந்த முடிவு சரியா என்று கேட்டால் எனக்கு ஒப்பவில்லை. செத்துப் படிக்க வைக்கிறதைப் பெருமையாகக் காட்டக் கூடாது. ஆனால் அந்தப் பெரிய அண்டாவுக்கு முன்னால் நிற்கிற அந்த முகம், அதில் இருக்கிற அசதி, அது பொய் இல்லை.

மூன்றாவது, பார்த்திபன் எடுத்த 'புதிய பாதை' (1989). அந்த வேடத்துக்குச் சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. தர்மபுரியில் முதல் குழுக்கள் கூடி உட்கார்ந்த அதே வருசம். ஒன்றுக்கும் ஒன்றுக்கும் சம்பந்தம் இல்லைதான், எனக்கு மட்டும் ஒரு சந்தோசம்.

துணை நடிகை என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்லணும். விருதுப் பேரிலேயே துணை என்றுதான் இருக்குது. ரேசன் கார்டுக்கும் கணக்கெடுப்புக்கும் ஆள் வரும்போது, "உங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்டு, நாம வாயைத் திறக்கும் முன்னால் 'இல்லத்தரசி' என்று எழுதிக்குவாங்க. காலையில நாலு மணிக்கு எழுந்து சாணி அள்ளி, பால் கறந்து சொசைட்டிக்கு ஊத்தி, சோறாக்கி, தறிக்கு நூல் போட்டு, குச்சிக்கிழங்குக் காட்டுல களை வெட்டி வந்தாலும் அதேதான். நாம செய்வது புருசனுக்குத் துணையாம். ஆச்சி நடித்தது கதாநாயகனுக்குத் துணையாம். அந்தத் துணையை எடுத்துவிட்டு 'சின்ன தம்பி' (1991) படத்தை ஓட்டிப் பாருங்க. தாலி என்றால் என்ன என்றே தெரியாத பிரபுவுக்குத் தாய் அவங்க. விதவைத் தாயைக் கூட்டத்துக்கு நடுவில் நிறுத்தி அவமானப்படுத்துகிற அந்த இடம் இல்லாவிட்டால் அந்தப் படத்தில் என்ன இருக்குது? குஷ்புவுக்காகத்தான் ஓடியது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அது அவர் அபிப்பிராயம்.

'நடிகன்' (1990) படத்தில் பேபி அம்மா என்ற வேடம். கல்யாணம் ஆகாமல் வயசாகிப் போன பணக்கார அம்மா. மாறுவேடத்தில் வருகிற சத்யராஜ் மேல் ஆசைப்படுகிற வேடம். வயசான பொம்பளைக்கு ஆசை வந்தால் ஊரே சிரிக்கும், நானும் விழுந்து விழுந்துதான் சிரித்தேன். ஆனால் வெட்கப்பட்டுக்கிட்டு அவங்க பூ வைத்துக்கொண்டு வருகிற அழகைப் பார்த்தால், சின்ன வயசில் புருசனை இழந்த எத்தனையோ பேர் முகம் ஞாபகம் வரும். சிரித்துக்கிட்டே இருக்கும்போது இது ஏன் ஞாபகம் வருதுன்னு கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

சம்பாதித்ததில் சென்னை தியாகராய நகரில் சொந்த வீடு கட்டினாங்க. மகனை வளர்த்து ஆளாக்கினாங்க. 2002-ல் பத்மஸ்ரீ விருது கொடுத்தாங்க. ஆறாம் வகுப்போடு நின்ற பெண்ணுக்கு டெல்லியில் கொடுத்த விருது. உடம்பு சரியில்லாமல் போன பிறகும் நடிப்பை விடவில்லை. 2013-ல் வந்த 'சிங்கம் 2' படத்தில்கூட பாட்டியாக வந்தாங்க. 2015 அக்டோபர் 10-ந் தேதி ராத்திரி சென்னையில் காலமானாங்க. வயசு 78. மறுநாள் டி.வி.யில் காட்டும்போது, முதலமைச்சராக இருந்த ஜெயலலிதா நேரில் வந்து மாலை வைத்தார். ஒரு காலத்தில் ஒரே படங்களில் நடித்த இரண்டு பெண்கள். ஒருத்தர் கதாநாயகி, ஒருத்தர் துணை.

மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ இப்போது இல்லை. படம் எடுத்த இடமெல்லாம் வீடுகளாகி வளைவு மட்டும் மிச்சம். ஏற்காட்டுக்கு டூர் போகிற குழுக்கள் அந்த இடத்தில் வண்டியை இரண்டு நிமிசம் நிறுத்திப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். திருச்செங்கோட்டுக்காரர் கட்டினது, மன்னார்குடியில் பிறந்த ஒரு பெண் கதாநாயகி ஆனது இங்கேதான் என்று சொல்லலாம்.

கூட்டமைப்புக் கட்டடத்தில் புது டி.வி. இருக்குது. பொங்கல் விடுமுறையில் ஒரு நாள் மதியம் எல்லோரும் உட்கார்ந்து பார்க்க 'கொஞ்சும் குமரி' கிடைத்தால் போடுவோம். கிடைக்காவிட்டால் 'தில்லானா மோகனாம்பாள்'. யாரிடமாவது பழைய சிடி இருந்தால் எனக்குச் சொல்லுங்க. பால் ஊத்தற நேரத்துக்கு முன்னாடியே முடிச்சுக்கலாம்.